கட்டத்துல கை வச்சது நான்தான்

என் செல்ல வாலுக்கு உங்கப்பன் எழுதுறது. நானும் உங்கம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு தூங்கி எந்திரிச்சிக்கிட்டு இருக்கோம், அதுக்குப் பேரு நலம்னா நாங்க நலம். நீ எப்படி இருக்க, மாப்பிள்ளை இன்னும் உன் பேச்சைக் கேட்டுக்கிட்டுதான் இருக்காரா இல்ல புத்தி வந்துடுச்சா. எழுத்துல தப்பு இருந்தா சிரிக்காத, அஞ்சாங்கிளாஸ் வாத்தியார் எனக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்புன கதை உனக்குத் தெரியும்.

போன் இருக்க எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. போன எடுத்தா உங்கம்மா பக்கத்துல வந்து உக்காந்துக்கிறா. போன வாரம் நீ ஒண்ணு கேட்ட, கூடவே இருக்கீங்களே, அம்மாவுக்கு மறதி முத்துற வரைக்கும் எப்படிப்பா உங்க கண்ணுல படலன்னு. நான் லைன் சரியில்லன்னு வச்சிட்டேன். லைன் நல்லாத்தான் இருந்துச்சு.

நீ அனுப்புன கட்டப் புத்தகம் ஞாபகம் இருக்கா, பத்துக்குப் பத்து கட்டம், அங்கங்க ஒரு பூஜ்யம் ஒரு ஒண்ணு போட்டிருக்கும், மிச்சத்தை நாம நிரப்பணும். உங்கம்மா தபாலாபீஸ்ல முப்பது வருஷம் ஊர்வாரியா கடுதாசி பிரிச்சவ, தப்புன்னா அவளுக்கு ஆகாது. தினம் டீ குடிச்சிட்டு ஒரு பக்கம், மேல தேதி வேற. எனக்குப் பொழுது போகணுமில்ல, அவ டம்ளர் கழுவப் போற நேரம் பாத்து ஒரு பூஜ்யத்தை அழிச்சு ஒண்ணு போட்டுடுவேன். ஒரே ஒரு கட்டம், அதுவும் கடைசி வரிசையிலதான். அவ வந்து பாத்து கணக்கு உதைக்குதேன்னு முழிச்சு, அப்புறம் கண்டுபிடிச்சு, கை வச்சீங்களான்னு பென்சிலாலயே தலையில ஒரு போடு போடுவா. அந்தப் போடுக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருப்பேன்.

அப்புறம் ஒருநாள் நான் தொடாத பக்கத்துக்கு அடி விழுந்துச்சு. நான் தொடலைன்னு எனக்குத் தெரியும். ஆனா ஆமா நான்தான்னு இளிச்சேன். தப்பே செய்யாதவ, நீதான் தப்பாப் போட்டன்னு சொன்னா மனசு சுருங்கிப் போவாளேன்னு. மறுவாரமும் அடி விழுந்துச்சு, வாங்கிக்கிட்டேன். டாக்டர் இந்த மறதி ஒரு வருஷமா இருக்கும்னு சொன்னப்பதான் அந்த அடியெல்லாம் எதுக்கு விழுந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது.

அவ பென்சிலைத் தொடுறது நின்னு போனதும் நான் எடுத்தேன். நம்பரா பாத்தா எனக்கு ஏறல. பூஜ்யம் வெள்ளை டைல்ஸ், ஒண்ணு கறுப்பு டைல்ஸ்னு வச்சுக்கிட்டேன், எத்தனை வீட்டுக்குத் தரை போட்டவன் நான். ஒரே கலரு ரெண்டு ஒட்டி வரலாம், மூணு வரக்கூடாது. எந்த வரிசையிலயும் அஞ்சு வெள்ளை அஞ்சு கறுப்பு. எந்த ரெண்டு வரிசையும் ஒண்ணு போல இருக்கக்கூடாது, குறுக்கயும் அப்படித்தான், நெடுக்கயும் அப்படித்தான். ரெண்டு கறுப்பு பக்கத்துல பக்கத்துல இருந்தா ரெண்டு ஓரத்துலயும் கண்ண மூடிக்கிட்டு வெள்ளையப் போடு. அவ்வளவுதான், பத்து நாள்ல பிடிபட்டுடுச்சு. ஏன்டா கத்துக்கிட்டோம்னு ஆயிடுச்சு. அவ பழைய பக்கமெல்லாம் புரட்டிப் பாத்தேன். நான் தொடாததுக்கு அவ என்னை அடிச்சது ஏழெட்டுத் தடவை இருக்கும். ஆனா போன வருஷ மழைக்கு முன்னாடி தேதியிலேருந்தே பக்கத்துக்குப் பக்கம் நடுவுல மூணு கறுப்பு, நாலு வெள்ளை. என் ஒண்ணு ஏணி மாதிரி சாஞ்சு இருக்கும், இதெல்லாம் நிமிந்து நிக்குது. அவ கையெழுத்து.

செவ்வாக்கிழமை நான் ஒரு பக்கம் முடிச்சு, வேணும்னே நடுவுல மூணு கறுப்பு வச்சு அவகிட்ட நீட்டுனேன், தலையையும் சேத்துத்தான் நீட்டுனேன். ரொம்ப நேரம் விரலை வச்சுப் பாத்தா. எல்லாம் சரியா இருக்குங்கன்னு குடுத்துட்டா.

நேத்து உன் கல்யாண போட்டோவைத் தொடச்சிக்கிட்டே இருந்தவ சட்டுனு என் பக்கம் திரும்பி, பழைய அதட்டலோட, இவ பேரை எங்க ஒளிச்சு வச்சீங்க, விளையாடாம குடுங்கன்னா. நான் சட்டைப் பையிலேருந்து எடுக்கிற மாதிரி எடுத்து உன் பேரைக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, இதே பொழப்பு உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போனா.

அதனால கண்ணு, லீவு எப்பக் கிடைக்குதோ அப்ப வரலாம்னு இருக்காத, கேட்டு வாங்கிக்கிட்டு வா. வாசல்ல உன்னைப் பாத்து யாருன்னு கேட்டாலும் கேப்பா. அவ முன்னாடி அழுதுடாத. அப்பாதாம்மா ஒளிச்சு வச்சிட்டாருன்னு சொல்லி என்னை நாலு திட்டு திட்டு. அவளுக்கு மறந்து போச்சுன்னு இருக்க வேணாம், திருட்டுப் போச்சுன்னே இருக்கட்டும். திருடன் வீட்டுலதான இருக்கான், கேட்டா குடுத்துடுவான்னு ஒரு தைரியம் இருக்கும் அவளுக்கு.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம நல்லா இருங்க, எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உண்டு. வரும்போது கட்டம் பெருசா இருக்கிற புத்தகமா ஒண்ணு வாங்கிட்டு வா, கண்ணு சரியாத் தெரியல. பென்சில் வேணாம், அவளோடதே இருக்கு.

இப்படிக்கு,
எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருக்கிற
உங்கப்பன்