இருவர் படுக்கும் அகலம்

வியோரிகா,

நீ வேலைக்குப் போன ஊரில் பனியே விழாதாமே, உன் தங்கை சொன்னாள். அந்த வேலையை விட்டுவிட்டாய் என்றும், இப்போது யார் வீட்டில் இருக்கிறாய் என்றும் சொன்னாள். அதை எழுத இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை.

இந்தக் குளிர்காலத்திலும் ரெட்டெசாட் மலைக்குப் போனேன். மலையடிவார வனப்பூங்கா வாசலில் காவல்காரன் தோதெர், "என்னண்ணே, அண்ணி வரலையா? ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுறாதீங்க, குளிரெல்லாம் அங்கதான் எறங்கித் தேங்கும்" என்றான்.

"எனக்கே சொல்றியாடா?" என்றேன்.

வருடாவருடம் நமக்குள் இதே சண்டைதானே! "ஏரி தெரியலைன்னா எதுக்கு மலைக்கு வரணும்? வீட்லயே செவுத்தப் பாத்துப் படுத்துக்கலாமே" என்பாய். "உறைஞ்ச ஏரியில என்னடி தெரியும்?" என்று உன்னை மரங்களுக்குள் இழுத்துப் போவேன்.

இந்த முறை ஏரிக்கரையிலேயே போட்டேன். முதலில் பனியை மிதித்து இறுக்கினேன். முடித்த பிறகுதான் கவனித்தேன், இருவர் படுக்கும் அகலத்துக்கு மிதித்திருக்கிறேன். கால் பழக்கம்.

காலையில் கூடாரத்தைச் சுருட்டியதும், நம் உடல் சூட்டில் பனி உருகிய பள்ளங்களைக் காட்டி, "உன்னோடதப் பாரு, எருமை படுத்த மாதிரி" என்று சிரிப்பாயே.

இந்தக் காலையிலும் பள்ளம் இரண்டு இருந்தது. தப்பாக நினைக்காதே, என்னோடு யாரும் வரவில்லை. பாதித் தூக்கத்தில் எழுந்து, உன் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் எருமை