கழுவாத வெள்ளீயம்

மார்ச் 4
ஆய்வகத்தில் இன்றும் மிக்ஸிதான். வெள்ளீயச் சேர்மக் கரைசலையும் மருந்துப்பொருள் கரைத்த தண்ணீரையும் ஊற்றிச் சுற்றினால் வெள்ளைப் பொடி திரளும். புற்றுநோயைக் கொல்லப்போகிற பாலிமர் அதுதானாம். நாற்றம் சோப்புக்கும் போகவில்லை. தலைமுடி, சட்டை, சாப்பிடுகிற சோறு, எல்லாம் அதே வாடை. வீட்டுக்காரர் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 9
பொடியைப் போட்டதும் தட்டிலிருந்த புற்றுநோய்ச் செல்கள் பூண்டோடு செத்துவிட்டன. என் பிஎச்.டி. கைடுக்குக் கால் தரையில் பாவவில்லை.
"நல்ல செல் மேலயும் போட்டுப் பாக்கணும் சார்" என்றேன்.
"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."
பொடியை ஒரே தடவைதான் கழுவியிருக்கிறேன்; அவசரப்படுத்தியதே அவர்தான். அதையும் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 12
பத்திரிகையில் கைடின் படம். என் மிக்ஸியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கிறார். சீ.

மார்ச் 13
அண்ணி போன் செய்தார். மூன்றாவது கீமோ முடிந்து குரலே இல்லை.
"பேப்பர்ல பாத்தேன். உங்க மருந்து வந்ததும் எனக்குக் கொஞ்சம் எடுத்து வெப்பியா?"
உம் கொட்டினேன். என்ன உம்? உண்மையைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா எனக்கு?

மார்ச் 27
பொடியை நன்றாகக் கழுவி, இரண்டு வகைச் செல்களிலும் போட்டுப் பார்த்தேன். கழுவாதது நல்லது கெட்டது எல்லாவற்றையும் கொல்கிறது. கழுவியது எதையுமே தொடவில்லை. ஆக, கொன்றது பாலிமர் இல்லை. சேராமல் மிஞ்சி அதில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளீயச் சேர்மம். வெறும் விஷம்.
கைடிடம் காட்டினேன். "கழுவாததையே கட்டுரையில எழுதிடு. நல்ல செல்லப் பத்தி யாரு கேக்கப்போறா?"
எங்க அண்ணி கேப்பாங்கய்யா. அவங்க உடம்புல நல்ல செல்லும் இருக்குல்ல?
அவரிடம் சொன்னது இதுதான்: "என் பேரு வேண்டாம் சார்." பிறகு முடிவுகள் இரண்டையும் துறைத்தலைவருக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 28
அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.
"அப்ப அது மருந்தில்லையா?"
"இல்ல அண்ணி."
"சரி. வேற எதையாவது அரைச்சுப் பாரு."

ஏப்ரல் 6
கட்டுரையைத் துறைத்தலைவர் நிறுத்திவிட்டார். எனக்கு வேறு கைடு. பழையவர் மிக்ஸியை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார் - மிக்ஸியை! இதற்கும் ஒரு மனிதருக்கு மனசு வருமா? அண்ணியிடம் போனில் சொல்லிப் புலம்பினேன்.
மாலையில் அண்ணன் ஒரு பை கொண்டுவந்தான். அண்ணியின் மிக்ஸி. ஜாடியில் இன்னும் மிளகு வாசனை. உடனே போன் செய்தேன்.
"வெள்ளீயம் பட்டா அப்புறம் இதுல சமைக்கவே முடியாது அண்ணி."
"தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்றார்.