ஆடிக்குக் கிளம்பும்போது சொன்னது

ஆனி கடைசி நாள், புதன். அரியலூர், அம்மா வீடு.

ஆடிக்கு என்னை அழைத்துப் போக இன்று அம்மா எறையூருக்கு வந்தாள். மாசியில்தான் கல்யாணமானது. பையோடு நான் வாசலுக்கு வந்ததும் என் கணவரின் அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். "பாவம் என் தம்பி! ஒரு மாசம் எப்புடித்தான் தனியாப் படுக்கப் போறானோ!"

வீடே சிரித்தது. பாவம் பார்த்ததெல்லாம் அவருக்குத்தான். எனக்கும் ஆசை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும் அண்ணி" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என் கணவர் மட்டும் தலைகுனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

பெரம்பலூரில் பஸ் மாறினோம். அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே அம்மா கேட்டாள். "நெசமாவே ஒனக்கும் புடிச்சிருக்காடி?"

"ஆமாம்மா."

"எங்கள யாரும் கேட்டதில்ல. பொம்பளைக்கும் புடிக்கலாம்னே எனக்குத் தெரியாதுடி."

இறங்கும்வரை, கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். அது இன்னும் சிவந்திருக்கிறது. பரிசு வாங்கியவள்போல அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.