படத்தில் இல்லாத வாத்துப்பள்ளம்

அப்புக்குட்டி,

இன்று காலை பின்சந்துச் சாக்கடையில் கொசு எண்ணெய் அடித்துவிட்டுப் போனார்கள். அந்த வாடை படியேறி நம் அறைக்குள் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருஷம் உன் சட்டையை அடித்து அடித்துத் துவைத்தும் போகாத வாடை அது. அப்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இன்று சன்னலைச் சாத்த மனம் வரவில்லை.

அம்மா போன பிறகு நமக்குப் பட்டணத்தில், தேக்காவில், இந்த ஓர் அறைதான். விடிந்ததும் லாரி உன்னையும் எண்ணெய் டின்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பதினாலாம் கட்டை மைல்கல்லடியில் இறக்கிவிடும். அங்கிருந்து நடை. கிராஞ்சிப் பக்கத்துக் குட்டை, வாய்க்கால், தேங்காய்ச் சிரட்டையில் தேங்கிய தண்ணீரைக்கூடக் கொசு எண்ணெய் அடிக்காமல் நீ விடமாட்டாய்.

சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு ஊர் காட்டுவாய். முதலில் ரப்பர்த் தோட்டம், அதில் நம்மவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன், எட்டுக் கதவு, ஒரு முருங்கை. அதைத் தாண்டினால் கீரைப் பாத்தியும் பன்றிக் கொட்டகையுமாகச் சீனர் வீடுகள். கடைசியில் கடல். தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மலாய்க்காரர் வீடுகள். அந்தப் பக்கம் ஜொகூர். "மூணு பேருக்கும் கொசு ஒண்ணுதான்க்கா, அது ஆளு பாத்துக் கடிக்கிறதில்ல" என்பாய்.

பேர் வைத்ததும் நீதான். லயனுக்கு எட்டுக்கதவு. மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, அதுதான் கம்பத்துக்கு, கருவாட்டுத்துறை. சீனப் பெண் ஒருத்தி புருஷனோடு வாத்து வளர்த்த தாழ்வான இடத்துக்கு வாத்துப்பள்ளம். உண்மைப் பேர் என்னடா என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் உன் வாயில நுழையாதுக்கா. நீ என்ன அங்க குடியா போகப் போற?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அங்கே போகாமலே அந்த ஊரெல்லாம் எனக்குத் தெரியும் என்று இருந்தேன்.

ஏழாவது வருஷக் கடைசியில், மழைக்காலத்தில் ஒருநாள் நீ திரும்பவில்லை. மைல்கல்லடியில் நீ நிற்காததால் பஸ்ஸில் போயிருப்பாய் என்று லாரி வந்துவிட்டதாம். விடிந்ததும் உன் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே எழுத்து வேலை பார்த்த கிராணி யாழ்ப்பாணத்தார், நல்ல மனுஷர். எந்தப் பக்கம் போனான் என்று தெரியுமா எனக் கேட்டார். எனக்கா தெரியாது? முதல்நாள் காலையில் சொல்லிவிட்டுத்தானே போனாய். வாத்துப்பள்ளம் என்றேன்.

அவர் மேசை நிறைய ஓர் ஊர்ப்படத்தை விரித்தார்.

"அப்பிடியொரு பேர் இதிலை இல்லை அம்மா. இடத்தின்ரை சரியான பேரைச் சொல்லுங்கோ."

எட்டுக்கதவு தாண்டி, கருவாட்டுத்துறைக்கு முன்னால் என்றேன். லயன்கள் அந்தப் பக்கம் நாலைந்து உண்டாம். வாத்து வளர்க்காத குட்டையே இல்லையாம். பிறகு அவர் விரல் வைத்து ஒவ்வொரு பேராகப் படித்தார். மலாய்ப் பேர், சீனப் பேர். ஏதாவது ஒன்று உன் வாயில் வந்ததாக இருக்காதா என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுகூட இல்லை, அப்பு. படித்து முடித்துவிட்டு, எனக்காக இன்னொரு தரமும் படித்தார்.

ஆள் அனுப்பினார்கள். வேறொரு லயனை எட்டுக்கதவு என்று எண்ணி அன்று முழுக்க அதைச் சுற்றியே தேடியிருக்கிறார்கள். மறுநாள் மத்தியானம் படகில் மீன் கொண்டுவந்த மலாய்க்காரர் ஒருவர், எண்ணெய்க்காரத் தம்பி வாத்துக்காரி வீட்டில் கிடக்கிறான் என்று வழி காட்டினாராம். வெள்ளத்தில் கால் முறிந்த உன்னை அவள்தான் இழுத்து வந்து போட்டிருக்கிறாள். புருஷன் சட்டையை மாட்டி, கஞ்சி ஊட்டி, காயத்தைத் துணியால் கட்டியிருக்கிறாள். பாதை தண்ணீருக்கு அடியில். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது உன் உயிர் போயிருந்தது, உடம்பில் சூடு மட்டும் ஆறவில்லை. முதல்நாளே வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒருவர் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கருமாதி முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போனேன். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் அழுதது அவளுக்குப் புரிந்தது. காலடி மண்ணைக் காட்டி, இந்த இடத்துக்கு என்ன பேர் என்று சைகையில் கேட்டேன். சொன்னாள். நான் திருப்பிச் சொன்னது தப்பு. மறுபடி சொன்னாள். சரியாக வரும்வரை என் கையை விடவில்லை. அப்படி ஒன்றும் நுழையாத பேரில்லை, அப்பு.

அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டேன். எட்டுக்கதவின் பேர், கடலோரக் கம்பத்தின் பேர், நடுவில் இருக்கும் ஒவ்வொரு சந்தின் பேரும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். வேலை செய்துகொண்டே வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். இப்போது யார் கேட்டாலும் படம் இல்லாமலே சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

அந்த இரண்டு ராத்திரியும், அக்கா வந்துவிடுவாள் என்று வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தாயா? இல்லை, இந்த இடத்தின் பேரை அவளுக்குச் சொல்லவே இல்லையே என்று உனக்கு நினைவு வந்ததா?