மாரண்டஹள்ளி ரோட்டில் நின்ற பஸ்

14 மே 1986, புதன்
பாலக்கோடு

காலேஜ் முடித்த வருஷம் ஆரோக்கியமும் நானும் மாரண்டஹள்ளியிலிருந்து வத்தல்மலைக்கு நடந்தே போனோம். எந்த பஸ் நின்றாலும் ஏறக்கூடாது என்று எங்களுக்குள் சபதம். பதினைந்து வருஷம் கழித்து, லீவு போட்டு, அதே நடையை இன்று காலை மறுபடி ஆரம்பித்தோம்.

இந்தப் பக்கம் பையோடு நடப்பவர்களைப் பார்த்தால் பஸ்ஸைத் தானாகவே நிறுத்துவார்கள். இன்று மத்தியானமும் ஒன்று நின்றது. "வெயில் கொளுத்துது, ஏறுங்க ஏறுங்க" என்றார் கண்டக்டர். நான் அன்று போலவே பெரிய கும்பிடு போட்டு, "நாங்க நடக்கறவங்க, நீங்க போங்க" என்றேன். அன்றைக்கு இதற்கு ஆரோக்கியம் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தான். இன்று பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தான்.

ராத்திரி தங்க அவன் சித்தி வூட்டுக்கு வந்தோம். சித்தி அவன் காலைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"முட்டி இப்படி வீங்கியிருக்கே சாமி, ஒரு பஸ்ஸ நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்துனேன் சித்தி."

மத்தியானம் அவன் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். கை காட்டியதை நான் பார்க்கவே இல்லை.

காலையில் எனக்குக் கால் வலி என்று சொல்லி பஸ்ஸை நிறுத்த வேண்டும். நம்பமாட்டான். ஆனால் ஏறிவிடுவான்.