மேலாளர் கணினியில் நீ வந்தது

என் வீட்டு அதிகாரிக்கு,

நான் நலம், என் தொப்பை என்னைவிட நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்னச் சம்பவம். பயப்படாதே, வேலை போகவில்லை. செவ்வாய் காலை மேலாளரின் கணினி உயிரை விட்டது. மதியம் அனுப்பவேண்டிய ஒப்பந்தம் அதற்குள்ளே. கணினிப் பராமரிப்பு என் தலையில் அல்லவா? "அது வரலேன்னா நீங்க ஊருக்குக் கிளம்பலாம்" என்றார்.

நல்லவேளை, சட்டைப்பையில் பென் டிரைவ் இருந்தது. படுத்த கணினியை அதை வைத்து எழுப்பலாம். நம் இஷ்டப்படி அதைத் தயாரிக்க இலவச மென்பொருளே இருக்கிறது. பழுதுபார்க்க வேண்டிய நிரல்களை அதில் சேர்த்தபோது, திரைக்குப் பின்னணிப் படமும் வைக்கலாம் என்றது அந்த மென்பொருள். சும்மா இருக்க முடியாமல் வைத்துத் தொலைத்திருந்தேன்.

செருகினேன். பத்துப் பேர் பார்க்க, திரை முழுக்க நீ வந்தாய். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு முறைத்தாயே, அப்போது எடுத்த படம்.

"யாருய்யா இது?"

"வீட்டுக்காரம்மா, சார்."

"என்ன இப்படி முறைக்கிறாங்க?"

"அந்தப் பயத்துலதான் சார் எந்திரிச்சிருக்கு."

ஒப்பந்தம் முழுசாகக் கிடைத்தது. நேற்று கணக்கர் வந்து, "என் கணினி மெதுவா ஓடுது, அண்ணியைக் கொஞ்சம் முறைக்கச் சொல்லுங்க" என்கிறார்.

என் பழைய மூக்குக்கண்ணாடியும் சட்டைப் பொத்தான் நாலும் அனுப்பு. கூடவே புதுப் படம் ஒன்று. சிரிக்க வேண்டாம், பின்னால் நம் சமையலறை தெரிந்தால் போதும்.

இங்கேயும் ஈரத்துண்டைக் கட்டிலில்தான் போடுகிறேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் துண்டுக்காரன்