மண்ணாங்கட்டிக்குக் கண்ணீர் அஞ்சலி

2025 ஜூன் 12, வியாழன், காலை 9.40. நீ செத்துப்போனதற்குத் துக்கம் கேட்டு இதுவரை வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

அன்புச்செல்விக்கு, அம்மா சுலோச்சனா சொல்ல, அண்ணன் அறிவு எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலம் என்று நான் நம்புகிறேன், அடையாறில் வேறு யாரும் நம்பவில்லை. மலைமேல் உனக்கு டவர் இல்லாததால் கல்லூரிக்கு மெயில் போடுகிறேன், அச்செடுத்துக் கொடுப்பார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள் என்கிறாள் அம்மா.

ஸ்காட்லாந்து மேட்டுக்காட்டில் நீ தோண்டுகிற கற்குவை முன்னால் இரண்டு விரல் காட்டிச் சிரித்தாயே, அந்தப் போட்டோதான் ஆரம்பம். நாலாயிரம் வருடத்துக்கு முன் செத்தவனைக் கல் குவித்து மூடியிருக்கிறார்கள் என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குக் கருமாதி யார் செய்தது என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். செய்யாத ஆளைத் தோண்டினால் உன்மேல் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று, அவனுக்கு மண்ணாங்கட்டி என்று அவளே பேர் வைத்து, வஞ்சிரம் வறுத்துப் படைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். பேனர் இல்லாமல் என்ன சாவு என்று ஃபிளெக்ஸ் கடை கரீமுல்லாவுக்குப் போட்டோவை அனுப்பிவிட்டாள். அவன் கல்லை வெட்டிவிட்டு உன் முகத்தைப் பத்தடிக்குப் போட்டு, ‘மண்ணைவிட்டு மறைந்தாலும் மனதைவிட்டு மறையாத மண்ணாங்கட்டி’ என்று தெருமுனையில் கட்டிவிட்டான். கேட்டால், “தங்கச்சிய வூட்ல கூப்புடுற பேருன்னு நெனச்சேன் மச்சி, அழுதுகினேதான் அடிச்சேன்” என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கோட்டூர்புரம் ஜோதிலட்சுமிக்கும் நிச்சயதார்த்தம். அவள் தாய்மாமன் டில்லிபாபு மாலையோடு வந்துவிட்டார். நீ உயிரோடு இருப்பதை விளக்கினேன், ஒப்புக்கொண்டார். ஆனால் படையல் போட்டது நம் வீடு, அதனால் வருடம் திரும்பும்வரை நல்ல காரியம் கூடாது என்றார். செத்து நாலாயிரம் வருடம் ஆயிற்று என்றேன். “எப்ப செத்தா இன்னா நைனா, சேதி இப்பதானே வந்துகீது.” மெக்கானிக்கல் படித்தவன் நான், அவர் மாலையை வாங்கி ஆணியில் மாட்டினேன். மண்ணாங்கட்டி நமக்குப் பங்காளி இல்லை என்று எழுதி வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று போய்விட்டார். உன் பேராசிரியரிடம் உடனே வாங்கி அனுப்பு, முத்திரை முக்கியம்.

துக்கம் கேட்க வருகிறவர்களோடு சேர்ந்து அம்மாவும் அழுகிறாள். உயிரோடுதானே இருக்கிறாள் என்று கத்தினேன். “கீறாதான், கண்ணால பாத்து ரெண்டு வருசமாச்சே” என்கிறாள்.

செத்ததாகப் பேச்சு வந்ததால் நூறு வயசு இருப்பாயாம், அம்மாவின் வாக்கு. குழியிலிருந்து ஏறியதும் தலைக்கு ஊற்றிக்கொள், வெந்நீரில்.

அம்மா சுலோச்சனா
(எழுதியவன் அறிவு)

இனி நான் செய்யப்போவது:
1. பேனரை இறக்குவது, கிழிக்காமல்.
2. உன் தாள் சனிக்கிழமைக்குள் வந்தால் டில்லிபாபுவிடம் கொடுப்பது. வராவிட்டால் நானே பேராசிரியர் ஆவது.
3. கரீமுல்லா இனி எதை அடித்தாலும் முதலில் எனக்கு வாசித்துக் காட்ட வைப்பது.
4. உன் முகத்தை மட்டும் வெட்டி நிச்சயதார்த்த பேனரில் ஒட்டுவது. ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் நடுவில் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.